சிறுகதைப் பாடத்துக்கும் முதல், கரு, உரி உண்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் இதழின் மாணவர் பகுதியில் சிறுகதை பயில்வோருக்காக வந்த கலைச்சொல் பட்டியலைப் படித்தேன். பின்புலம், நோக்குநிலை, குறியீடு, படிமம், முரண் என ஒவ்வொன்றுக்கும் விளக்கம் இருந்தது. ஆனால் எந்தக் கதையிலிருந்தும் ஒரு வரிகூட எடுத்துக்காட்டவில்லை. பிள்ளைகள் இதை ஒரே மூச்சில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். பிறகு கதையைக் கையில் கொடுத்தால் கதைச்சுருக்கம்தான் எழுதுவார்கள்.

இவற்றில் பாதியை அவர்கள் ஏற்கெனவே படித்திருக்கிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம். அகப்பொருள் இலக்கணத்தில் முதல், கரு, உரி மூன்றையும் பத்தாம் வகுப்பிலேயே ஒப்பிக்கிறார்கள். முதற்பொருள் நிலமும் பொழுதும். கருப்பொருள் அந்த நிலத்தில் உள்ள உயிர்களும் பொருள்களும். உரிப்பொருள் அதற்குரிய மனநிலை. நெய்தலுக்குக் கடலும் கடல் சார்ந்த இடமும், சிறுபொழுது எற்பாடு (சூரியன் சாயும் நேரம்), உரிப்பொருள் இரங்கல். இடத்தையும் நேரத்தையும் மனநிலையோடு சேர்த்தே பார்க்கச் சொன்ன இலக்கணம் இது. விரிவானப் பகுதியில் சிறுகதை வரும்போது மட்டும் அதை யாரும் நினைவூட்டுவதில்லை.

ராமேஸ்வரம் தீவில் பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து மீனவப் பிள்ளைகளுக்குப் பொழுதைப் பற்றி நாம் புதிதாகச் சொல்லித்தர என்ன இருக்கிறது? வடக்கிலிருந்து வாடைக் காற்று வீசும் காலத்தில் தீவின் வடக்கே பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும். தொழில் தென்கடலுக்கு மாறும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடித்தால் தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் சிரமம். ஒரு கதை 'வாடை எழுந்துவிட்டது' என்று தொடங்கினால், வடகரை வீட்டில் அன்றைக்குக் கையில் காசு இருக்குமா என்பதுவரை இவர்களுக்குப் புரிந்துவிடும். பின்புலம் என்று பெயர் சொல்லிக்கொடுக்கத்தான் ஆசிரியர் வேண்டும்.

நோக்குநிலையை, அதாவது கதையை யார் பார்வையில் சொல்வது என்பதை, கதை வழியாகத்தான் சொல்லித்தர முடியும். வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' (1915) கதையை மரமே சொல்கிறது. நின்ற இடத்தில் கண்டதும் காதில் விழுந்ததும்தான் அதற்குத் தெரியும். அதைப் படித்துக்காட்டிவிட்டு, நேரத்துக்குக் கரை திரும்பாத ஒரு வல்லத்தின் (மீன்பிடிப் படகின்) கதையை யார் சொல்லலாம் என்று மாலை வகுப்பில் கேட்டேன். வல்லமே சொல்லட்டும் என்றான் ஒரு பையன். "கடல்ல என்ன ஆச்சுன்னு வல்லத்துக்குத் தெரியுமே டீச்சர், அப்புறம் படிக்கிறவங்க எதுக்குப் பதறணும்?" என்று கேட்டாள் பக்கத்தில் இருந்தவள். கரையில் நிற்கும் தம்பி சொல்வதாக மாற்றினார்கள். 'அம்மா பயந்தாள்' என்று அந்தப் பெண் எழுதவே இல்லை. மடித்து வைத்த துணியை உதறி அம்மா மறுபடி மடித்தாள் என்று எழுதியிருந்தாள். குறிப்பால் உணர்த்துவதை இதைவிட எப்படி விளக்க? சங்கப் பாட்டில் சொல்லாமல் உணர்த்தும் உத்திகளான உள்ளுறைக்கும் இறைச்சிக்கும் போக இதுவே நல்ல வழி.

கலைச்சொல் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். மேல்வகுப்பில் கதையைப் பற்றிப் பேச அந்தப் பெயர்கள் கட்டாயம் தேவை. வாரம் ஒரு சொல் போதும். அதோடு ஒரு கதைப் பத்தியை அச்சிடுங்கள். விளக்கத்தை அடுத்த வாரம் தாருங்கள், முதலில் பிள்ளைகள் தேடட்டும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கோடை விடுமுறையும் அதோடு சேர்ந்துகொள்ளும். அப்போது தொடங்கினால் எங்கள் பக்கம் படிக்கப் பிள்ளைகளும் இருப்பார்கள், கதையில் வரும் தொழில் சொல்லுக்கு அர்த்தம் சொல்ல அப்பாமாரும் வீட்டில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
தங்கச்சிமடம்.