சிறுபாலத்துச் சாக்கடைக்குள் கிடக்கும் குடிநீர்ப் பைப்பை மாற்றித் தரக் கோரி நான்காவது மனு

அனுப்புநர்
கீழ்த்தெரு தையல்கடைக்காரம்மா மற்றும் தெருவாசிகள் 58 குடும்பத்தினர்,
8-வது வார்டு.

பெறுநர்
உயர்திரு செயல் அலுவலர் அவர்கள்,
பேரூராட்சி அலுவலகம்,
வேலூர் மாவட்டம்.

பொருள்: கீழ்த்தெருவுக்கு வரும் குடிநீர்ப் பைப்பைச் சாக்கடையிலிருந்து வெளியே எடுத்துப் போட வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: சென்ற ஆடி, கார்த்திகை, தை மாதங்களில் நேரில் கொடுத்த எங்கள் மூன்று மனுக்கள், போனில் பதிவு செய்த புகார் ஒன்று.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்களுக்கு இடத்தை விளக்க வேண்டியதில்லை. பஜாரிலிருந்து பள்ளிவாசல் தாண்டி இறக்கத்தில் வரும் சிறுபாலம், அதற்குக் கிழக்கே பள்ளத்தில் எங்கள் தெரு. போன மாதம் சாலை வேலையைப் பார்வையிட வந்தபோது தங்கள் ஜீப் அந்தப் பாலத்தின் மேல்தான் நின்றது. தாங்கள் நின்ற இடத்துக்கு மூன்றடி கீழேதான் இந்த மனுவின் விஷயம் கிடக்கிறது. அன்று குனிந்து பார்க்கச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் புதுத் திட்டம் கேட்கவில்லை. புதுத் தொட்டி கேட்கவில்லை. நாற்பது அடி பைப்பைச் சாக்கடைக்குள்ளிருந்து எடுத்துப் பாலத்துச் சுவரோடு மேலே கொண்டு போக வேண்டும் என்று மட்டுமே பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். விவரம் கீழே.

1. அந்தப் பைப்பு முன்பு பாலத்துச் சுவரை ஒட்டி மேலேதான் போனது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது நம் ஓடையும் பெருக்கெடுத்து அதைப் பெயர்த்துப் போட்டது. அவசரத்துக்குக் கால்வாய்க்குள்ளேயே பைப்பைப் படுக்க வைத்து, இணைப்பில் லாரி டியூபைச் சுற்றிக் கட்டுக்கம்பியால் இறுக்கிவிட்டுப் போனார்கள். தற்காலிகம் என்றார்கள். டியூப் இன்னும் இருக்கிறது. கம்பிதான் துருப்பிடித்து அறுந்துவிட்டது.

2. தண்ணீர் நான்கு நாளுக்கு ஒரு முறை, இரவு இரண்டரை மணிக்கு, 45 நிமிடம் வருகிறது. இதை நாங்கள் குறையாகச் சொல்லவில்லை. கண் விழிக்கப் பழகிவிட்டோம்.

3. எங்கள் குறை அந்த 45 நிமிடத்தின் முதல் இருபது நிமிடம். தண்ணீர் விடாத நான்கு நாளும் பைப்பு காலியாகக் கிடக்கிறது. சாக்கடையோ நாள் முழுக்க நிறைந்து ஓடுகிறது. டியூப் சுற்றிய இடத்தில் விரல் நுழையும் ஓட்டை. காலிப் பைப்புக்குள் கால்வாய் நீர் சும்மா இறங்கிப் போய் உட்கார்ந்துகொள்கிறது. வால்வைத் திறந்ததும் பின்னால் வரும் நல்ல தண்ணீர் இதையெல்லாம் தள்ளிக்கொண்டு எங்கள் வீட்டுக் குழாயில் கொட்டுகிறது. இதில் எங்கள் தப்பும் கொஞ்சம் உண்டு, மறைக்கவில்லை. தெருவில் இரண்டு வீட்டில் குழாயிலேயே நேராக மோட்டார் போட்டு இழுக்கிறார்கள். ஒன்று என் கொழுந்தனார் வீடு. மோட்டார் இழுக்க இழுக்க ஓட்டை வழியாகச் சாக்கடையும் சேர்ந்துதான் வரும் என்று சண்டை போட்டு அவருடையதைக் கழற்றச் சொல்லிவிட்டேன். மற்றதைத் தாங்கள்தான் கழற்ற வேண்டும், அது கொஞ்சம் பெரிய இடம்.

முதல் ஐந்து நிமிடம் குழாயிலிருந்து காற்றும் நாற்றமும்தான். அப்புறம் கறுப்பாக வரும். பிறகு டீத்தண்ணி நிறம். இருபதாவது நிமிடத்தில்தான் குடத்தின் அடி தெரியும். நான் தையல் தொழில் செய்கிறவள். வெட்டில் மிஞ்சும் வெள்ளை பாப்ளின் துண்டை ஒவ்வொரு முறையும் குழாய் வாயில் கட்டி, காய வைத்து, தேதி எழுதி வைத்திருக்கிறேன். ஏழு துண்டு இத்துடன் இணைத்துள்ளேன். தயவுசெய்து உறையைப் பிரித்துத் தொட்டுப் பாருங்கள். வழவழவென்று ஒட்டுவது சேறு அல்ல. மூன்றாவது துணியில் தலைமுடி இருக்கிறது. ஐந்தாவது துணியில் இரண்டு சோற்றுப் பருக்கை ஒட்டிக் காய்ந்திருக்கிறது. குழாய்த் தண்ணீரில் சோறு எப்படி வரும் ஐயா? யார் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிய தண்ணீரை நாங்கள் குடத்தில் பிடிக்கிறோம்?

மிச்சம் 25 நிமிடம். மேட்டுத் தெருவில் எல்லோரும் பிடித்தது போக எங்களுக்கு ஒரு குடம் நிறைய மூன்று நிமிடம் ஆகிறது. எட்டுக் குடம், குடத்துக்கு 15 லிட்டர். என் வீட்டில் ஐந்து பேர், நான்கு நாள். கணக்குப் போட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆறு லிட்டர். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமங்களுக்கே ஆளுக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்திருக்கிறார்கள். நாங்கள் பேரூராட்சிக்காரர்கள், குடிநீர்க் கட்டணம் கட்டிய ரசீது நகலும் இணைத்துள்ளேன்.

4. 'தண்ணீரில் குளோரின் கலந்துதான் விடுகிறோம்' என்று அலுவலகத்தில் சொன்னார்கள். உண்மைதான், நாங்களே பார்த்துவிட்டோம். தெருவில் லேப் படிப்பு படித்த பெண் ஒருத்தி இருக்கிறாள். சொட்டு மருந்து வாங்கி வந்தாள். குளோரின் இருந்தால் தண்ணீர் மஞ்சளாகும். பாலத்துக்கு மேற்கே, பள்ளிவாசல் எதிரில் இருக்கும் குழாய்த் தண்ணீர் நல்ல மஞ்சளாயிற்று. பாலத்துக்குக் கிழக்கே என் வீட்டுக் குழாயில் சொட்டு விட்டால் துளி நிறம் இல்லை. அதே இரவு, அதே தொட்டித் தண்ணீர், நடுவே இருப்பது பாலம் மட்டும்தான். போட்ட குளோரின் முழுவதையும் அந்த நாற்பது அடிக்குள் சாக்கடை தின்றுவிடுகிறது. இந்தியத் தர நிர்ணயம் 10500 என்ற எண்ணில் குடிநீருக்கு அளவு வைத்திருக்கிறது என்று அவளே காட்டினாள். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டுமாம். மலக்கிருமி 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாதாம். அந்தக் கிருமி பார்க்கும் சின்ன பாட்டிலிலும் தண்ணீர் ஊற்றி வைத்தோம். மறுநாள் காலைக்குள் மை போலக் கறுத்துவிட்டது. எங்கள் சோதனையை நம்ப வேண்டாம். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்குத் தாங்களே இரண்டு பாட்டில் அனுப்புங்கள், பாலத்துக்கு மேற்கே ஒன்று, கிழக்கே ஒன்று. கிழக்கே எடுக்கும்போது முதல் இருபது நிமிடத்துக்குள் எடுக்கச் சொல்லுங்கள். தெளிந்த பிறகு வந்து எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.

5. போர் தண்ணீர் குடிக்கலாமே என்று சொல்கிறவர்கள் வெளியூர்க்காரர்கள். தாங்கள் சொல்ல மாட்டீர்கள் என்று தெரியும். தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றங்கரையில் 35,000 ஹெக்டேர் நிலம் கெட்டுப்போன கதையை 1996-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பில் எழுதி வைத்துவிட்டது. போர் தண்ணீர் ஏறும் எங்கள் மினி டேங்கில், ஃபில்டர் விற்க வந்த பையன் கரைந்த உப்பை அளக்கும் மீட்டரை விட்டான், 1,900 காட்டியது. 500-க்குள் இருப்பதுதான் நல்ல தண்ணீர். அதில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. துணி துவைத்து, குளித்துக்கொள்கிறோம். குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்றும் சொன்னார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், சரி. சாக்கடை போகுமா?

சாமியில்லாத கோயில், தண்ணீரில்லாத ஆறு என்று வேலூரைக் கேலி செய்வார்கள். கோட்டைக் கோயிலுக்குள் 1981-ல் ஜலகண்டேஸ்வரரே திரும்பி வந்துவிட்டார். ஆற்றில்கூட 2021-ல் தண்ணீர் வந்துவிட்டது. கீழ்த்தெருக் குழாய்க்கு நல்ல தண்ணீர் வர இன்னும் எத்தனை வருஷம் என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

6. கேன் 35 ரூபாய். இரண்டு நாளைக்கு ஒன்று. மாதம் 525. ஒரு லைனிங் பிளவுஸ் தைத்தால் எனக்கு 250 ரூபாய் கூலி. அதாவது மாதத்தில் இரண்டு பிளவுஸ் தண்ணீருக்கே தைக்கிறேன். ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது தெருவே சேர்ந்து 16 கேன் வாங்கினோம். அம்மனுக்கே கேன் தண்ணீர்தான்.

7. என் பேத்திக்கு நாலு வயது. ஐப்பசியில் ஒரு தடவை, மாசியில் ஒரு தடவை வயிற்றுப்போக்கில் படுத்தாள். இரண்டாவது தடவை கண் உள்ளே போய்விட்டது, கிள்ளினால் தோல் அப்படியே நின்றது. இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். தெருவில் அந்த மாதம் அவள் ஒருத்தி மட்டுமல்ல. அதைவிட என்னை உலுக்கியது வேறு. பங்குனியில் காட்பாடியில் என் தங்கை வீட்டுக்குக் கூட்டிப் போனேன். தங்கை சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். குழந்தை வாங்கி, குடிக்காமல், மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்தாள். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, "குடிக்கலாமா ஆயா?" என்றாள். என் தங்கை முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. நாலு வயசுக் குழந்தைக்குத் தண்ணீரை மோந்து பார்க்கச் சொல்லிக் கொடுத்தது நான்தான் ஐயா. வேறு என்ன செய்யட்டும்?

8. மனுக்களுக்கு என்ன ஆயிற்று என்றும் எழுதிவிடுகிறேன். ஆடி மாத மனுவோடு ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். வாங்கியவர் ஜன்னலில் வைத்தார். கார்த்திகையில் இரண்டாவது மனு கொடுக்கப் போனபோது பாட்டில் அதே ஜன்னலில், அதே இடத்தில். கறுப்பெல்லாம் அடியில் படிந்து மேலே கண்ணாடி மாதிரி இருந்தது. அதைத் தூக்கிக் காட்டி, "தெளிஞ்சுதான இருக்குதும்மா" என்றார் அவர். நான்கு மாதம் வைத்தால் கூவம்கூடத் தெளியும். தை மாத மனுவுக்கு ரசீது கேட்டேன், சீல் உடைந்திருக்கிறது என்றார்கள். போனில் பதிந்த புகாருக்கு மட்டும் பதில் வந்தது. 'தங்கள் புகாரின் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது' என்று ஒரு மெசேஜ். அது வந்தபோது நான் குழாயடியில்தான் உட்கார்ந்திருந்தேன், கையில் துணியோடு. என்ன முடித்துவைத்தார்கள்? எதை? யார் வந்து பார்த்தார்கள்? பாலத்துக்குக் கீழே இறங்கியவன் ஒருவன் உண்டா?

9. நாற்பது அடி பைப்பு ஐயா. நாற்பது அடி.

கோபத்தில் எழுதியது ஏதாவது வரம்பு மீறியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். தங்கள் மீது எங்களுக்கு வருத்தம் இல்லை, தாங்கள் இந்த ஊருக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. ஆனால் இந்த முறை முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் அந்த முடித்துவைத்த புகாரின் கோப்பு நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பதாகத் தெருவில் பேசி முடிவு செய்திருக்கிறோம். பத்து ரூபாய் ஸ்டாம்ப் வாங்கி வைத்தாயிற்று. அதுவரை கொண்டு போக வேண்டாம் என்றுதான் தங்களை மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன்.

பைப்பை மேலே எடுத்துப் போடும்வரை, தண்ணீர் விடும் நாளில் பாலத்துக்குக் கிழக்கே இருக்கும் வால்வுக் குழியில் முதல் இருபது நிமிடத் தண்ணீரைத் திறந்துவிட்டு, பிறகு தெருவுக்கு விட்டால்கூடப் போதும். அதற்குச் செலவு எதுவும் இல்லை, தண்ணீர் விடுகிறவரிடம் தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த இருபது நிமிடத்தை ஈடுகட்டக் கூடுதல் நேரம் விடவும் கேட்டுக்கொள்கிறோம்.

அடுத்த முறைத் தண்ணீர் வியாழக்கிழமை இரவு. தாங்களோ, தாங்கள் அனுப்பும் பொறியாளரோ இரண்டரை மணிக்கு வந்து நின்று பார்க்க வேண்டுகிறேன். தெரு விளக்கு இரண்டு எரியாது, பாலத்தடியில் டார்ச்சோடு ஆள் நிறுத்துகிறோம். நாற்காலி போட்டு வைக்கிறேன். டீ தருகிறேன், கேன் தண்ணீரில் போட்டதுதான்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கீழ்த்தெரு தையல்கடைக்காரம்மா
மற்றும் 58 குடும்பத்தினர் (கையெழுத்தும் கைரேகையும் பின்பக்கம்)

இணைப்பு: தேதி எழுதிய துணித் துண்டுகள் 7, குடிநீர்க் கட்டண ரசீது நகல், முந்தைய மனுக்களின் நகல் 3, தண்ணீர் பாட்டில் 1 (தயவுசெய்து குலுக்கிவிட்டுப் பார்க்கவும்).