அப்பா நகர்ந்தார்

அன்புள்ள மாப்பிள்ளை,

பொங்கலுக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை, தப்புதான். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டுவலி தேவலாம். குண்டு வாத்தியார் உன்னை விசாரித்தார். இன்னும் அதே சைக்கிள்தான்.

விஷயம் இதுதான். அக்கா கல்யாணக் கேசட்டைக் கடையில் கொடுத்து 720க்கு 576 அளவில் கோப்பாக மாற்றி வாங்கினேன். அதைத் திரையில் பார்த்துக்கொண்டே, சுருக்கிய வீடியோ வடிவமான ஹெச்.264 ஆகவும் சேமிக்க, வீடியோவைக் கையாளும் ஜிஸ்ட்ரீமர் மென்பொருளில் ஒரு பைப்லைன், அதாவது பிரேம்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும் உறுப்புகளின் தொடர், எழுதினேன். டீ என்ற பிரிப்பானை வைத்துத் திரைக்கும் ஃபைலுக்குமாகப் பிரித்து, இரண்டு கிளையிலும் பிரேம்கள் காத்திருக்கும் க்யூ போட்டேன். முதல் பிரேமிலேயே நின்றுவிட்டது. பந்தல் வாசலில் சந்தனக் கும்பாவோடு அப்பா. எர்ரரும் வரவில்லை. மூன்று ராத்திரி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்டா.

ஹாஸ்டலில் நீ கத்துவாயே, "முதலில் டாட் ஃபைல் எடு, அப்புறம் அழு" என்று. பைப்லைனின் அந்த நேரத்து நிலையை வரைபடமாக்க எழுதி வைக்கும் ஃபைல்தானே அது. எடுக்கப் போனால் அதிலும் ஒரு ராத்திரி போயிற்று. அந்த ஃபைல் எந்த ஃபோல்டருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டம்ப் டாட் டிர் வேரியபிளை ஜிஸ்ட்ரீமர் தொடங்குவதற்கு முன்பே வைக்க வேண்டும், ஃபோல்டரையும் நாமே உருவாக்கி வைக்க வேண்டும் என்று நீ சொல்லவே இல்லையே! சரி, அதைச் செய்து, தொடங்கி 5 விநாடி கழித்து பைப்லைனை டாட் ஃபைலில் எழுதச் சொன்னேன். வரைபடம் வரையும் கிராஃப்விஸில் கொடுத்துப் படமாக்கினேன்.

படத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். திரை சிங்க், அதாவது திரைக் கிளையின் கடைசி உறுப்பு, முதல் பிரேமைப் பெற்று பாஸ் (pause) நிலைக்கு வந்தாயிற்று. ஃபைல் சிங்க் இன்னும் ரெடியிலேயே, பாஸை நோக்கி அம்புக்குறியோடு. இரண்டு சிங்குக்கும் முதல் பிரேம் கிடைத்தால்தான் ஓட்டமே தொடங்கும். திரைக் கிளையின் க்யூவில் 17 பிரேம். கணக்குப் போட்டேன்: ஒரு பிரேம் 6,22,080 பைட், க்யூவின் எல்லை 10 எம்பி. 17 பிரேமில் நிரம்பிவிடும். ஹெச்.264 ஆக மாற்றும் எக்ஸ்264 என்கோடரோ 40 பிரேமை முன்கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் முதல் பிரேமையே வெளியே விடும். நிரம்பிய க்யூ டீயை மறித்துக்கொண்டது. டீ நின்றதால் என்கோடருக்குத் தீனி இல்லை. ஆயிரக்கணக்கான லாக் வரிகளில் என் கண்ணுக்குப் படாதது ஒரே படத்தில் இருந்தது.

என்கோடரை முன்கூட்டிப் பார்க்காமல் உடனே வெளியே விடவைக்கும் ஜீரோலேட்டன்சி அமைப்பைப் போட்டால் தரம் குறையும் என்று, அந்த க்யூவுக்கு பைட், பிரேம் எல்லைகளை எடுத்துவிட்டு 5 விநாடி என்று மட்டும் வைத்தேன். ஓட்டினேன். அப்பா கும்பாவை நீட்டி, யாரையோ பார்த்துச் சிரித்தார். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். பந்தியில் நீயும் இருக்கிறாய், இரண்டு கையிலும் அப்பளம்.

ஆடியோ கிளையை இன்னும் சேர்க்கவில்லை. அப்பா குரல் இருப்பது இந்த ஒரு கேசட்டில்தான், தப்பாகிவிடக் கூடாது. சேர்த்ததும் டாட் ஃபைல் அனுப்புகிறேன், நீ ஒருமுறை பார்த்துச் சொல்.

உன்
மச்சான்