அந்த ஒரு காய்

வியாசர்பாடியில் எங்கள் தெருக்காரர்களுக்கும், முனை மன்றத்துப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுத இன்னும் தெம்பில்லை. என் கணவர் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது.

முதல் மாதம் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாமல் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டாருக்கும், வாரிசுச் சான்றிதழுக்கு என்னோடு அலைந்த அவருடைய அலுவலக நண்பர்களுக்கும், இரவு எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் வந்த ஆட்டோ தம்பிக்கும், கடைசிவரை காசு வாங்க மறுத்த பால்காரருக்கும் மொத்தமாக ஒரு கும்பிடு. தனித்தனியாக எழுத வேண்டியவர்கள்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மடலில் பெரும்பங்கு பதினொரு வயதுப் பெண் ஒருத்திக்குப் போகிறது. பெயர் எழுத மாட்டேன், சண்டைக்கு வருவாள்.

எங்கள் கேரம் பலகை மகள் பிறந்த பிறகு கட்டிலுக்கு அடியில் போனது. அவர் போன பிறகு அதைப் பார்க்கவே முடியவில்லை. மன்றத்துக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் எடுத்துப் போனேன். பிள்ளைகள் பவுடர் தூவித் தேய்த்தார்கள். நாலாவது கை இல்லை என்று என்னை உட்கார வைத்தார்கள். கல்லூரி அணியில் ஆடியவள்தான் நான், ஆனாலும் ஸ்ட்ரைக்கரைத் தொட்டுப் பதினெட்டு வருடமாகியிருந்தது. முதல் அடியிலேயே அது நேராகக் குழிக்குள் போய் விழுந்தது.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சுற்றி நின்ற பெரியவர்கள், "பரவாயில்லை, விடுங்கள், நீங்களே ஆடுங்கள்" என்றார்கள். அந்த ஒரு வருடமாக எல்லோரும் எனக்கு எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தபடியே இருந்தார்கள். ரேஷன் கடை வரிசையில்கூட முன்னால் போகச் சொன்னார்கள்.

எதிரணியில் இருந்த அந்தப் பதினொரு வயதுக்காரி மட்டும் கையை நீட்டினாள். "ஆன்ட்டி, ஃபைன்."

ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தால் போட்ட காய் ஒன்றைத் திருப்பி வைக்க வேண்டும், அதுதான் ஃபைன். நான் இன்னும் ஒரு காயும் போட்டிருக்கவில்லை. கட்டுவதற்கு எதுவுமில்லை. "அப்படியென்றால் கடன்" என்று சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தாள். மூன்று முறை சுற்றி வந்த பிறகு ஒரு வெள்ளை போட்டேன். பதினெட்டு வருடம் கழித்து நான் போட்ட அந்த முதல் காய் குழிக்குள் இரண்டு நொடிகூட இருக்கவில்லை. எடுத்து நடு வட்டத்தில் வைத்துவிட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் உயிரோடிருந்தபோது ஸ்ட்ரைக்கர் விழுந்தால் சத்தமில்லாமல் எடுத்து வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பார். ஒரு ஃபைனும் ஒழுங்காகக் கட்டியதில்லை. அதே பலகையில் இவள் வட்டியோடு வசூலிக்கிறாள்!

மறுநாளும் போனேன். துக்க வீட்டுக்காரிக்கு மன்றத்தில் என்ன வேலை என்று உறவில் ஒருவர் கேட்டார். பதில் சொல்லவில்லை. இப்போது சனி, ஞாயிறுகளில் ஏழு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் காலத்தில் 1991இலும் 1995இலும் உலகப் பட்டம் வென்ற மரிய இருதயத்தின் பெயரைச் சொல்லித்தான் ஸ்ட்ரைக்கரைக் கையில் எடுப்போம். 2008இல் இதே வியாசர்பாடி இளவழகி உலகப் பட்டத்தோடு திரும்பினார். இந்தப் பிள்ளைகளுக்கு 2024இல் வென்ற காசிமாதான் எல்லாம்.

சொல்லிக்கொடுப்பது ஆடுவதைவிடக் கடினம். ஸ்ட்ரைக்கர் இரண்டு கோட்டையும் தொட வேண்டும், ஓரத்துச் சிவப்பு வட்டத்தைத் தொட்டால் முழுதாக மூட வேண்டும் என்பதையெல்லாம் சொல்லிவிடலாம். காயின் ஓரத்தில் உரசி 'கட்' அடிக்கும்போது விரல் என்ன செய்கிறது என்று எப்படிச் சொல்வது? கை தானாகச் செய்ததை நான் ஒருநாளும் யோசித்ததில்லை. ஒரு ராத்திரி படுக்கையில் போர்வைமேல் விரலைச் சுண்டிச் சுண்டிப் பார்த்தேன். நகம் படுகிறதா, சதையா, மணிக்கட்டு அசைகிறதா? கண் திறந்தபோது விடிந்திருந்தது. அவர் போன பிறகு மாத்திரை இல்லாமல் நான் தூங்கிய முதல் ராத்திரி அது.

போன ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் போட்டி. மூன்றாவது கேமில் 22 புள்ளியில் இருந்தாள். இருபத்திரண்டை எட்டிவிட்டால் சிவப்புக்கு மூன்று புள்ளி கிடையாது, பின்னால் ஓடாதே என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். பழக்க தோஷம், பாய்ந்து போட்டாள். சிவப்பை அடுத்து உடனே போட வேண்டிய ஃபாலோ காய் தவறியது. சிவப்பு நடுவுக்குத் திரும்பியது, அந்த போர்டோடு ஆட்டமும் போனது. அவள் கைகுலுக்கிவிட்டு வந்து தண்ணீர் குடித்தாள். அழுதது நான்தான். பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது, பதினான்கு மாதத்தில் அவருக்காக இல்லாமல் வேறொன்றுக்காக அழுதது இதுதான் முதல் தடவை. அந்த நடுக்கம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

சனி, ஞாயிறு மாலை என் கை நன்றாக இருக்கும்வரை மன்றத்துக்கு வருவேன். எவர் வீட்டில் என்ன நடந்திருந்தாலும், என் பலகையில் யாருக்கும் ஃபைன் தள்ளுபடி கிடையாது. பெற்றோர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கண்ணு, நீ நாளை ஐந்தரைக்கு வந்துவிடு. வியாழக்கிழமை ஆட்டத்தில் நீ எனக்கு ஒரு காய் பாக்கி. நான் மறக்கவில்லை.