மாத்திரை வருகிறது, வீட்டில் ஆள் இல்லை

ஆசிரியருக்கு,

வணக்கம். பிரஷர், சர்க்கரை உள்ளவர்களுக்கு வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தரும், 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நல்ல திட்டம். ஆனால் சென்னைப் பக்கம் பெரும்பாக்கம், கண்ணகி நகர் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளில் அது இடறுவது நேரத்தில்தான்.

வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள் விடிந்ததுமே பஸ் ஏறிவிடுகிறார்கள். தன்னார்வலர் பகலில் வந்தால் பூட்டிய கதவுதான். எட்டு அடுக்குக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோன நாளில் அவரை இன்னொரு முறை ஏறச் சொல்வதும் நியாயமில்லை. பிரஷர் மாத்திரை பத்து நாள் நின்றால் பலருக்கு உடம்பில் எதுவும் தெரியாது. அதனால் அப்படியே விட்டுவிடுகிறார்கள். பக்கவாதம் வந்த பிறகே தெரிகிறது.

50,000 பேருக்கு ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் என்று வகுத்த தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கம் (2013), நண்பகல் 12 முதல் இரவு 8 வரை புறநோயாளிகளைப் பார்க்கலாம் என்றே பரிந்துரைத்தது. இந்தப் பகுதிகளுக்கு அதுவே பொருந்தும். பிரஷரும் சர்க்கரையும் கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்கு இரண்டு மாத மாத்திரையைச் சேர்த்தே கொடுத்துவிடலாம்.

மாலையில் பார்ப்பதென்றால் ஒரு கவனம் வேண்டும். பஸ்ஸிலிருந்து இறங்கி வேகமாக நடந்து வந்தவருக்கு உடனே பிரஷர் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும்; தேவையில்லாமல் மருந்தும் ஏறும். ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து உட்கார வைத்து, கை இதயத்தின் உயரத்தில் இருக்க, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்க்க வேண்டும். பருத்த கைக்குப் பெரிய பட்டை இல்லாத நிலையங்களில் இந்தக் கணக்கு தவறிக்கொண்டே இருக்கும்.

சர்க்கரைக்கு வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கக் காலையில் வரச் சொன்னால் அன்றைய கூலி போய்விடும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனைக்குப் பட்டினி தேவையில்லை, மாலையிலும் எடுக்கலாம்.

இன்சுலின் போடுகிறவர்கள் பாடு தனி. திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். பல வீடுகளில் ஃப்ரிட்ஜ் இல்லை. இருப்பை நிலையத்தின் குளிர்பெட்டியிலேயே வைத்து ஒவ்வொரு குப்பியாகக் கொடுக்கலாம். திறந்த குப்பியை, இரண்டு மண்பானைகளுக்கு நடுவே ஈரமணல் போட்டு, உள்பானையில் மூடிய டப்பாவில் வைக்கச் சொல்லித் தர வேண்டும். திறந்து ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதால், திறந்த தேதியைக் குப்பியிலேயே எழுத வேண்டும்.

மாநகராட்சியும் சுகாதாரத் துறையும் முதலில் ஒரே ஒரு நிலையத்திலாவது வாரம் மூன்று மாலை இதை நடத்திப் பார்க்கட்டும்.

– ஒரு வாசகர், சோழிங்கநல்லூர்