உறைய வைத்த பாசியை உருக்கவும் ஆள் போடுங்கள்

மீன்வளம், மீனவர் நலத் துறை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டம் வலமாவூர் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023-ல் அடிக்கல் நாட்டியபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். விதைப்பாசியைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்துக் காக்கலாம் என்ற பேச்சும் அடிபடுகிறது. தேவைதான். 1990-களில் மண்டபத்துக்கு வந்த கப்பாஃபைகஸ் என்ற சிவப்புப் பாசியின் வித்தைத்தான் இன்றுவரை கிள்ளிக் கிள்ளி மிதவையில் கட்டுகிறோம். 2013-ஐ ஒட்டி அது கூட்டமாகச் செத்துச் சாகுபடியே சரிந்தது.

என் கவலை உறைய வைப்பதில் இல்லை, உருக்குவதில். மைனஸ் 196 டிகிரியில் கிடக்கும்வரை பாசிக்கு ஒன்றும் ஆகாது. வெளியே எடுக்கும்போதுதான் ஆபத்து. மெதுவாகச் சூடேறினால் நுண்ணிய பனித்துகள்கள் சேர்ந்து பெரிதாகிச் செல் சவ்வைக் கிழிக்கும். ஆகவே பாசி உறைந்திருக்கும் குப்பியை 40 டிகிரி வெந்நீரில் ஆட்டி, கடைசித் துணுக்குக் கரைந்ததும் எடுத்துவிட வேண்டும். உறையும்போது செல்லைக் காப்பாற்றிய டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற வேதிப்பொருள் இப்போது நஞ்சு. கடல்நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கழுவ வேண்டும். பிறகு சில நாள் மங்கலான வெளிச்சம். (உருக்கிய கையோடு விளக்கடியில் வைத்துப் படமெடுக்கும் ஆசையை அடக்குவது கஷ்டம்தான்.) செத்த பாசியும் கொஞ்ச நாள் நிறம் காட்டும். அது மறுபடி வளர்ந்தால்தான் பிழைத்ததாகக் கணக்கில் எழுதலாம்.

இந்தக் கைப்பக்குவம் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. நந்தனத்தில் உங்களோடு ஒரே வளாகத்தில் இருக்கும் கால்நடைத் துறை, சினை ஊசிக்கான உறைவிந்துக் குச்சியை நைட்ரஜன் கலத்திலிருந்து எடுத்து 37 டிகிரி நீரில் அரை நிமிடம் வைப்பதை ஊர் ஊராகச் செய்கிறது. பாசிக்கு அதே அளவு பொருந்தாது. இனத்துக்கு இனம் மாறும், தடித்த தண்டு பிழைப்பதும் அரிது. ஆனால் நைட்ரஜனோடு புழங்கிய கைகள் அங்கே உண்டு. கேளுங்கள்.

சேர்த்து உறைய வைத்த ஒவ்வொரு தொகுதியிலும் ஆண்டுக்கு ஒரு குப்பியையாவது உருக்கி வளர்த்துப் பாருங்கள்; பிழைக்காததையும் சேர்த்து முடிவை வெளியிடுங்கள். வெளியிலிருந்து வந்த கப்பாஃபைகஸோடு நிற்காமல், நம் பெண்கள் முங்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி இரண்டையும் சேருங்கள். உறைந்த சேமிப்பின் இன்னொரு படியைச் சென்னையில் வையுங்கள், எம்.ஓ.பி. அய்யங்கார் பாசியியலை வளர்த்த பல்கலைக்கழகம் இங்கேதானே இருக்கிறது! நைட்ரஜன் நிரப்புபவரும் உருக்குபவரும் ஒப்பந்தம் முடிந்து மாறிக்கொண்டே இருந்தால் இதெல்லாம் நடக்காது. நிரந்தரப் பணியிடம் இரண்டையாவது வரும் நிதிநிலை அறிக்கையில் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
சென்னையில் தாவரவியல் படித்த ஒருவன்