மொட்டை மாடி சோலாருக்கு இன்னும் 2,32,000 ரூபாய் வேண்டும்

மும்பை செம்பூரில் நம் சொசைட்டியில் இருக்கிறவர்களுக்கும், இங்கே வளர்ந்து புனே, சென்னை, துபாய் என்று போய்விட்ட பிள்ளைகளுக்கும் கமிட்டியின் வணக்கம்.

பண விஷயம், அதனால் நேராகவே சொல்லிவிடுகிறோம். மொட்டை மாடியில் 8 கிலோவாட் சோலார் போட பொதுக்குழு சம்மதித்துவிட்டது, செலவு 5,20,000 ரூபாய். வீட்டுக்கு 12,000 வீதம் 24 வீட்டிலும் சேர்த்தால் 2,88,000 தேறும். மீதிக்குத்தான் இந்த வேண்டுகோள்.

லிஃப்ட், தண்ணீர் பம்பு, மாடிப்படி விளக்கு, இவற்றுக்கு மட்டுமே மாதம் 900 யூனிட் வரை ஓடுகிறது. போன வாரம் பி விங் மூன்றாவது மாடியில் ஒரு ட்யூப்லைட்டைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே அந்தக் காலத்துச் சோக், கை வைக்க முடியாத சூடு. குழல் 40 வாட்தான், ஆனால் சோக்கோடு சேர்ந்து 50 வாட்டுக்கு மேல் இழுக்கும். அதே வெளிச்சத்துக்கு எல்இடி 20 வாட் போதும். இப்படி 18 விளக்குகள் விடிய விடிய எரிகின்றன, அந்தக் காசு நம் மெயிண்டெனன்ஸிலிருந்துதான் போகிறது.

அரசு மானியம் இருக்கிறதே என்று பலர் கேட்டீர்கள். இருக்கிறது. 2024 பிப்ரவரியில் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் ஹவுசிங் சொசைட்டியின் பொது உபயோகத்துக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் தருகிறார்கள், நமக்கு 1,44,000 வரும். ஆனால் பேனல் பொருத்தி, நாம் எடுக்கும் மின்சாரத்தையும் திருப்பிக் கொடுப்பதையும் கணக்கிடும் நெட் மீட்டர் வைத்து, மின் நிறுவனத்தார் வந்து பார்த்த பிறகுதான் வங்கிக் கணக்கில் விழும். அதுவரை முழுப் பணமும் நாமே புரட்ட வேண்டும். பெரிய ரிப்பேருக்கென்று சேர்த்து வைக்கும் சிங்கிங் ஃபண்டில் கை வைக்க எங்களுக்கு மனசில்லை, இவ்வளவு பழைய கட்டடத்துக்குத் தூண் வேலை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மானியம் வந்ததும் அந்தப் பணத்தில் 18 விளக்கையும் எல்இடியாக மாற்றி, பழைய பம்பை எடுத்துவிட்டு மின்சாரம் மிச்சப்படுத்தும் ஸ்டார் முத்திரை உள்ள பம்பு போடுவோம்.

எரிசக்தி சேமிப்புச் சட்டத்தை 2022-ல் திருத்தி, பெரிய குடியிருப்புகளையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். அது 100 கிலோவாட்டும் அதற்கு மேலும் சுமை உள்ள கட்டடங்களுக்கு, நம் நாலு மாடிக்கு இல்லை. யாரும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை, நாமாகச் செய்கிறோம்.

பில் அடியோடு பூஜ்யம் ஆகிவிடாது. ஒரு கிலோவாட் நாளுக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும், ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையில் அது நன்றாகக் குறையும், நிலைக் கட்டணமும் தொடரும். அப்புறம், புறா எச்சம் படிந்தால் உற்பத்தி விழும் என்பதால் வாரம் ஒருமுறை கழுவ வாட்ச்மேனோடு பேசியிருக்கிறோம். வடாம் காயவைக்கும் தெற்கு மூலையைத் தொடமாட்டோம், மாமிகளுக்குக் கொடுத்த வாக்கு அது.

பென்ஷனில் இருக்கும் வீடுகளுக்கு 12,000 பெரிய தொகை. முடிந்ததைக் கொடுங்கள், யார் எவ்வளவு என்று போர்டில் ஒட்டமாட்டோம். வெளியூரில் இருப்பவர்கள் ஒரு பேனல் விலையையாவது ஏற்றுக்கொண்டால் அந்த வீடுகளின் பாரம் குறையும்.

சொசைட்டி பெயருக்குக் காசோலை, அல்லது ஆபீஸ் வாசலில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடு. ரொக்கம் வேண்டாம். ரசீது உண்டு, 80ஜி வரிச்சலுகை கிடையாது. பங்குனி உத்திரத்துக்குள் பணம் சேர்ந்தால் மழைக்கு முன் வேலையை முடித்துவிடலாம்.