மாப்ளைக்கு, புது கிட்டார் விஷயமாக

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு பாளையங்கோட்டையிலேயே கல்லூரி கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். தங்கச்சிக்கும் இனி நிம்மதியாக இருக்கும். இங்கே அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து மட்டும் நேரம் தவறாமல் விட வேண்டியிருக்கிறது. பெரியவன் வேலை விஷயம் இன்னும் இழுத்துக்கொண்டே போகிறது, அதை நேரில் பேசிக்கொள்வோம்.

சரி, புது எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கினாயா என்று நீ கேட்டதற்கு வருகிறேன். ஆமாம், வாங்கிவிட்டேன். கிப்சன் கம்பெனியின் இ.எஸ்.335 கிட்டார் வடிவம், செர்ரி சிவப்பு, மேல் பலகையில் f எழுத்து போல இரண்டு எஃப் ஓட்டை, கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பில் இரட்டைச் சுருள் வகையான ஹம்பக்கர் இரண்டு. விலை 30,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். கம்பெனிப் பெயரை இப்போதைக்குச் சொல்ல மாட்டேன். பெயரைக் கேட்டதுமே நீ பாதி முடிவு கட்டிவிடுவாய். சீனாவில் செய்தது என்பது வரைக்கும் தெரிந்தால் போதும். கிப்சன் இல்லையென்றால் 335 இல்லை என்று நீ சொல்லும்போதெல்லாம் எனக்கு ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜான் ஸ்கோஃபீல்டுதான் நினைவுக்கு வருவார். 80களின் தொடக்கத்திலிருந்து அவர் கையில் இருப்பது ஜப்பானில் செய்த ஐபனேஸ் கம்பெனியின் ஏ.எஸ்.200, அதே 335 வடிவம்தான்.

முதலில் பிடித்துப்போனது ஆம்பில் மாட்டாமல் வரும் சத்தம். உள்ளே வெற்றிடமே இல்லாத என் பழைய சாலிட் பாடி கிட்டாரில் வயர் இல்லாமல் வாசித்தால் கம்பி சத்தம் மட்டும்தான் கேட்கும். இதில் நெஞ்சோடு அணைத்து பல கம்பிகளைச் சேர்த்து மீட்டும் ஒரு ஜி கார்டு போட்டால் அடிவயிறு வரை அதிர்கிறது. அக்குஸ்டிக் அளவுக்கு இல்லை, ஆனால் ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு ஹாலில் உட்கார்ந்து வாசிக்கச் சரியாகப் போதும். அடுக்குமாடி வீட்டில் இருக்கும் எனக்கு இதுவே பெரிய விஷயம். வாங்கியதிலிருந்து தினமும் வாசிக்கிறேன். ரொம்ப காலத்துக்கு அப்புறம் இப்படி.

நீ உள்ளே முழுக்க வெற்றாக இருக்கும் முழு ஹாலோ கிட்டார் வாங்கலாமா என்று யோசிப்பதாக எழுதியிருந்தாய். உங்கள் சர்ச் மேடையை நினைத்துத்தான் வேண்டாம் என்கிறேன். மானிட்டர் ஸ்பீக்கர் உன் முழங்காலுக்கு நேரே இருக்கிறது. அந்தச் சத்தம் கிட்டாரின் மேல் பலகையை அதிர வைக்கும், பலகை கம்பியை அதிர வைக்கும், அதைப் பிக்கப் மறுபடி ஆம்புக்கே அனுப்பும். அப்புறம் ஊளைதான். வீணைக்குக் குடம் வெற்றாக இருப்பதுதான் பலம், மேடையில் சத்தம் கூடக் கூட எலெக்ட்ரிக் கிட்டாருக்கு அதுவே வினையாகிவிடுகிறது. அமெரிக்கக் கிட்டார் கலைஞர் லெஸ் பால் 1940 வாக்கிலேயே நாலுக்கு நாலு அங்குல பைன் கட்டையில் கம்பி கட்டி, இரண்டு பக்கமும் எபிஃபோன் கிட்டாரின் உடம்பை அறுத்து ஒட்டிப் பார்த்தார். டெட் மெக்கார்ட்டி தலைமையில் கிப்சன் 1958இல் இ.எஸ்.335 கொண்டுவந்தபோது போன வழியும் ஏறக்குறைய அதுதான். நடுவில் நீளவாக்கில் ஒரு மேப்பிள் கட்டை, இரண்டு சிறகும் வெற்றிடம். கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜும் பிக்கப்பும் கட்டையின் மேல் உட்கார்ந்துவிடுவதால் பலகை இஷ்டத்துக்கு ஆடாது. அதற்காக இது முழுக்கக் காப்பாற்றிவிடும் என்றும் நினைக்காதே. ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பி.பி. கிங் இதே குடும்பத்துக் கிட்டாரில் எஃப் ஓட்டைகளைத் துணியால் அடைத்து வாசித்தவர். 1980இல் 'லூசில்' என்ற பெயரில் அவருக்காக கிப்சன் கொண்டுவந்த மாடலில் ஓட்டையே கிடையாது. என்னுடையதில் சத்தத்தைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் பெடலை மிதித்து ஆம்புக்கு முகம் காட்டி நின்றால், பிடித்த ஸ்வரம் அடங்காமல் நீண்டு பாடுகிறது. ஒரு அடி தள்ளி நின்றால் அடங்கிவிடுகிறது. இந்த அளவுக்குக் கட்டுப்பட்டால் அது தொல்லை இல்லை, கூடுதலாகக் கிடைத்த ஒரு வசதி.

இப்போது நீ கேட்காமல் விட்ட, ஆனால் மனதில் வைத்திருக்கிற கேள்வி. இந்த விலைக்கு மரம் எப்படி நல்லதாக இருக்கும்? மாப்ள, 335 உடம்பு முதல் நாளிலிருந்தே ப்ளைவுட்தான். மேப்பிள், பாப்லர், மேப்பிள் என்று ஒட்டி அச்சில் அழுத்தி வளைத்தது. அக்குஸ்டிக்கில் ப்ளைவுட் என்றால் நாம் முகம் சுளிப்போம். இங்கே அதன் விறைப்பே ஊளையைக் கொஞ்சம் அடக்குகிறது, மழைக்காலத்தில் பலகை வெடிக்கும் பயமும் குறைவு. மலிவான கிட்டாரில் மர வகை மாறலாம், செய்யும் முறை அதுதான். நாம் கூடுதலாகக் கொடுக்கும் காசில் பெரிய பங்கு கைவேலைக்குத்தான் போகிறது என்பது என் அபிப்பிராயம். கிட்டாரின் கழுத்தான நெக்கின் குறுக்கே பதித்த ஃபிரெட் பட்டைகளின் ஓரத்தை இழைப்பது, தலைப்பக்கம் கம்பிகள் பள்ளத்தில் உட்காரும் நட் துண்டை வெட்டுவது, வயரிங், இதெல்லாம் நேரம் பிடிக்கும் வேலை. விலையைக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் கை வைப்பது அங்கேதான்.

என்னுடையதிலும் அங்கேதான் குறை. முதல் ஃபிரெட்டில் எஃப் கார்டு பிடித்தால் சுதி ஏறியது. மூன்றாவது ஃபிரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு முதல் ஃபிரெட்டுக்கு மேலே எவ்வளவு இடைவெளி என்று பார்த்தேன். மயிரிழை அளவு இருந்தால் போதும், எனக்கு விசிட்டிங் கார்டே நுழைந்தது. நட் பள்ளம் ஆழமாக வெட்டப்படவில்லை என்று அர்த்தம். ஃபிரெட் ஓரங்கள் இடது கையைக் கீறின. ஜி கம்பியை ட்யூன் செய்யும்போது நட்டில் சிக்கி 'டிங்' என்று சத்தத்தோடு தாவும். பென்சில் முனையைப் பள்ளத்தில் தேய்த்ததும் அது மட்டும் குறைந்தது. வால்யூம் ஒன்று கரகரத்தது. வயர் செருகும் ஜாக்கை இறுக்கும் மரையும் தளர்ந்திருந்தது. அதைக் கவனிக்காமல் விட்டால் ஜாக்கே உள்ளே சுழன்று வயர் அறுந்துபோகும்.

திருவல்லிக்கேணி ரிப்பேர் அண்ணனிடம் எடுத்துப் போனேன். அவர் வேலை செய்ததை நீ பார்த்திருக்க வேண்டும். இந்த வகைக் கிட்டாரில் பின்னால் மூடி கிடையாது, எல்லாமே எஃப் ஓட்டை வழியாகத்தான் வந்து போக வேண்டும். குமிழைக் கழற்றி, அந்த வால்யூமின் தண்டில் நூலைக் கட்டி உள்ளே தள்ளிவிட்டு, ஓட்டை வழியாகக் கொக்கியால் வெளியே இழுத்தார். சுத்தம் செய்து திரும்ப உள்ளே விட்டு, நூலைப் பிடித்து மெதுவாக இழுத்ததும் தண்டு தன் துளையில் வந்து எட்டிப் பார்த்தது. நட்டை ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனி அரத்தால் இழைத்தார், ஃபிரெட் ஓரங்களை உருட்டினார், எல்லா ஃபிரெட்டிலும் சுதி சரியா என்று இன்டொனேஷன் பார்த்தார். கூலி கிட்டார் விலையில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. கையில் திரும்ப வாங்கியபோது வேறு கிட்டார் மாதிரி இருந்தது.

சத்தம்? நெக் பிக்கப்பில் டோனைப் பாதியாகக் குறைத்தால் வட்டமான, சூடான சத்தம். மெதுவான பாட்டுக்குப் பின்னால் கார்டு போட இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. முதலில் கொஞ்சம் மந்தமாக, தடித்த கம்பிகளில் குழைவாகத்தான் இருந்தது. பிக்கப்பின் தடித்த கம்பிப் பக்கத்துத் திருகைத் திருப்பிக் கொஞ்சம் கீழே இறக்கியதும் தெளிந்தது. பிரிட்ஜ் பிக்கப் தனியாகக் கொஞ்சம் கூர்மை, அதை நான் அதிகம் தொடுவதில்லை. பிக்கப் ஸ்விட்சின் நடு நிலைதான் உனக்கு. இரண்டும் சேர்ந்து மணிபோல் கேட்கிறது. ஒன்று மட்டும் கவனி: நடுவில் வைத்து, பிக்கப்புக்கு ஒன்றாக இருக்கும் வால்யூமில் ஒன்றை முழுக்க மூடினால் இரண்டுமே ஊமையாகிவிடும். 335 வயரிங்கே அப்படித்தான், பழுது என்று பயந்துவிடாதே. வால்யூமைக் குறைத்தால் சத்தத்தின் கூர்மையான மேல்பகுதி மங்குவதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஒரு சின்ன கபாசிட்டர் போட்டால் சரியாகும், அடுத்த முறை அண்ணனிடம் சொல்ல வேண்டும்.

கல்யாண மண்டபங்களில் ட்யூப்லைட்டும் ஜெனரேட்டரும் சேர்ந்து உன் ஸ்ட்ராட் கிட்டாரில் ஏற்றிவிடும் இரைச்சல் இருக்கிறதே, அது இதில் இல்லவே இல்லை. கிப்சனில் 1955 வாக்கில் செத் லவர் இரண்டு சுருளை எதிரெதிராக வைத்துச் செய்த ஹம்பக்கர் யோசனை, இன்றைக்கும் நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை அடக்குகிறது. ஸ்கேலும், அதாவது நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பி நீளமும், சிறியது, 24.75 அங்குலம். 25.5 அங்குல ஸ்ட்ராட்டில் பழகிய கைக்குக் கம்பி நெகிழ்வாகத் தெரியும், கம்பியை இழுத்து வளைத்துப் பெண்ட் செய்யச் சுலபம். உடம்பு 16 அங்குல அகலம். உட்கார்ந்து வாசிக்கும்போது வலது தோள் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், நின்றால் சரியாகிவிடும்.

ஆகையால் மகளின் கல்லூரிச் செலவு இருக்கிற இந்த வருஷத்தில் நீ பெரிய விலைக்குப் போக வேண்டாம். நடுவில் கட்டை இருக்கிற மாடலாகப் பார். எஃப் ஓட்டையைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதே, கடைக்காரரிடம் கேட்டு உறுதி செய்துகொள். நெக் நேராக இருக்கிறதா, பிக்கப் இரண்டும் பேசுகிறதா என்று பார்த்தால் போதும். நட்டும் ஃபிரெட்டும் பின்னால் சரி செய்யக் கூடியவை, அதற்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கி வை.

அடுத்த மாதம் ஊருக்கு வரும்போது கிட்டாரையும் எடுத்து வருகிறேன். உங்கள் சர்ச்சில் ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகு அந்த மானிட்டர் பக்கத்திலேயே நின்று வாசித்துப் பார்ப்போம். கம்பெனிப் பெயரையும் அப்போது சொல்கிறேன். அதுவரை யாரிடமும் முன்பணம் கொடுத்துவிடாதே.

அம்மா உன்னை விசாரித்தார்கள். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாப்ள